நண்டு வாசனைக்கு வந்த தங்கச்சித் தீவு

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, எலுமிச்சைக் குடாவின் நண்டுத் திருவிழாவுக்காகக் கடற்கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் புகைக்கு முகத்தைத் திருப்பியபோது, பதினோரு கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்க வேண்டிய தங்கச்சித் தீவு, தன் மாதா கோயிலோடும் அஞ்சல் நிலையத்தோடும் நூற்று நாற்பது ஆட்களோடும் அவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமான ஆடுகளோடும், கரையிலிருந்து நாற்பது முழத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"தட்டு பத்தாதே" என்றாள் யூலாலி அக்கா.

கரீபியன் கடலில் ஒர்தான்ஸ் என்ற பெரிய தீவில் நடந்த கதை இது. அங்கே ஊர்ப் பெயர்களெல்லாம் பிரெஞ்சும் கிரியோலும் கலந்தவை. நம் நாக்குக்கு அவற்றைப் பழக்குவதற்குள் நண்டு ஆறிவிடும் என்பதால் பெயர்களின் பொருளை எடுத்துத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். ஒர்தான்ஸ்காரர்கள் வருஷத்தை மாதங்களால் எண்ணுவதில்லை, சாப்பாட்டால் எண்ணுகிறார்கள். மேற்குக் கரையில் எலுமிச்சைக் குடாவில் ஈஸ்டருக்கு நண்டு. தெற்கே செம்மேட்டில் ஜூன் மாதம் மாம்பழம், அன்றைக்குக் குழந்தைகளைச் சட்டையில்லாமல்தான் அழைத்து வர வேண்டும் என்பது சட்டம். வடக்கே ஆற்றுமுகத்தில் ஆகஸ்டில் சீமைப்பலா, சுட்டும் பொரித்தும் மசித்தும் தேங்காய்ப்பாலில் வேகவைத்தும் நாற்பத்தொரு வகை. கடைசியாக டிசம்பரில், பெருங்கடல் வந்து மோதுகிற கிழக்குக் கரையில், பேரலைத்துறையில் பச்சைத் துவரை. இந்த நான்கில் எதையாவது தவறவிட்டவன் அந்த வருஷம் தனக்கு வயது ஏறவில்லை என்று சொல்லிக்கொள்வான், கேட்பவர்களும் சரி என்று தலையாட்டுவார்கள்.

தங்கச்சித் தீவுக்கு மட்டும் திருவிழா கிடையாது. அங்கே மண் கம்மி. பாறை, முட்செடி, ஆடு, உப்பு போட்டுக் காயவைத்த மீன், அவ்வளவுதான். மேற்கிலிருந்து காற்று வீசுகிற அபூர்வமான நாட்களைத் தவிர மற்ற எல்லா நாளும் ஒர்தான்ஸின் சமையல் வாசனை பதினோரு கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்து அந்தத் தீவின் மேல் படிந்து, வேலிகளிலும் கொடியில் காயும் துணிகளிலும் ஆடுகளின் ரோமத்திலும் தங்கிவிடும். இருநூறு வருஷம் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு இடத்திலேயே உட்கார்ந்திருப்பது யாருக்குமே கஷ்டம்தான் என்று பிற்பாடு யூலாலி அக்கா விளக்கம் சொன்னாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

யூலாலி அக்காதான் நண்டுத் திருவிழாவின் தலைமைச் சமையல்காரி. அவளுடைய முப்பாட்டன் கரும்புத் தோட்டத்து வேலைக்காகக் காரைக்காலில் கப்பலேறிய சாமிநாதன். பதிவேடு எழுதியவன் தன் காதில் விழுந்தபடி எழுதியதில் குடும்பமே சமினதேன் ஆகிவிட்டது. மல்லியும் மஞ்சளும் கடுகும் வெந்தயமும் சீரகமும் வறுத்து இடித்த பொடிக்கு அந்தத் தீவில் கொழும்பு என்று பெயர். அது குழம்பு என்ற சொல்லா, கொழும்பு என்ற ஊரா என்பது இடிக்கிறவர்களுக்கே மறந்துபோனது. ஆனால் யூலாலி அக்கா அந்தப் பொடியை நண்டின் மேல் தூவும்போது இரண்டு தீவுக் கோயிலிலும் பூசை நடத்துகிற பாதிரியாரே இரண்டு வாக்கியம் தாண்டி வாசிப்பார்.

அன்று தங்கச்சிக்காரர்கள் அவரவர் வீட்டுத் தட்டையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, எட்டு தென்னம்பலகைகளை வரிசையாகப் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கரைக்கு நடந்து வந்தார்கள். பிரயாணத்தில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டதற்கு, ஒன்றும் தெரியவில்லை, விடியும்போது சேவல்கள் மட்டும் வழக்கமான திசைக்கு முதுகைக் காட்டிக் கூவின என்றார்கள். துறைமுக அதிகாரி சீருடையின் பொத்தானைப் போட்டபடியே ஓடிவந்து, இந்தக் கலத்தின் கேப்டன் யார் என்று கேட்டார். கேப்டன் இல்லை என்றார்கள். கேப்டன் இல்லாதது கலம் ஆகாது, கலம் அல்லாததைத் துறைமுகத்தில் பதிவு செய்ய விதியில்லை என்று அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையில் போய் நின்றார். வரைபடங்களைத் திருத்தும் இலாகாவிலிருந்து மதியம் தந்தி வந்தது: இனிமேல் தங்கச்சித் தீவை மையால் வரைய வேண்டாம், பென்சில் போதும். நண்டு சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. யாரும் பசியோடு திரும்பவில்லை.

ஒரே ஒருவனுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவன் பெயர் மரியுஸ். ஒர்தான்ஸுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் பதினேழு வருஷமாகப் படகு ஓட்டுபவன். நாற்பத்து மூன்று வயது. படகின் பெயர் 'பொறுமை', அதை அவன் வைக்கவில்லை, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. பதினோரு கிலோமீட்டர் கடல்தான் அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பு ஒரு காலையில் எட்டுத் தென்னம்பலகையாகச் சுருங்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டு அவன் படகில் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஊர் அவனைப் பார்த்து இரக்கப்படவில்லை, சிரித்தது. காரணம் லியோந்தின்.

லியோந்தின் தங்கச்சித் தீவின் அஞ்சல் அதிகாரி. அங்கே அஞ்சல் நிலையத்தில் இருக்கிற ஒரே ஆளும் அவள்தான். ஏழு வயதில் அவளை உறுதிப்பூசுதல் என்ற கோயில் சடங்குக்காகப் படகில் ஏற்றிக்கொண்டு போனபோது, நடுக்கடலில் வயிறு புரண்டு, கூடவே வந்துகொண்டிருந்த ஆயரின் வெள்ளை அங்கி மேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அத்தோடு சரி, முப்பது வருஷமாக அவள் கடல் மேல் கால் வைத்ததில்லை. மரியுஸ் தினமும் மதியம் கடிதப் பையை அவளிடம் கொடுப்பான், அவள் வேறொரு பையைக் கொடுப்பாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் பையோடு சேர்த்து, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்றும் கேட்டான். அவள் பையை வாங்கி எடை பார்த்துவிட்டு, "உன் வீடு அங்க இருக்கு. நான் படகுல ஏற மாட்டேன். இந்தத் தீவு அங்க போகட்டும், கட்டிக்கறேன்" என்றாள். அவன் சிரித்தான். அடுத்த வருஷமும் கேட்டான். அதே பதில். பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு முறை. இரண்டு தீவுகளிலும் அந்தப் பதில் தெரியாதவர்கள் தொட்டில் குழந்தைகள் மட்டும்தான்.

ஆகவே அன்று லியோந்தின் பலகைகளின் மேல் நடந்து வந்து, முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தன் சொந்தக் காலால் ஒர்தான்ஸ் மண்ணை மிதித்தபோது, தாளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உடைக்காமல் வாயில் வைத்தபடி இருந்தார்கள், பாதிரியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவள் நீல நிறத்தில் ஒரு கவுன் போட்டிருந்தாள். நேராக யூலாலி அக்காவிடம் போய்த் தட்டை நீட்டினாள். சாப்பிட்டாள். மறுபடி போட்டுக்கொண்டாள். மூன்றாவது தட்டையும் வழித்து முடித்துவிட்டு, கையைக் கழுவி, மரியுஸின் படகருகே வந்து நின்றாள்.

"நண்டு நல்லா இருக்கு" என்றாள்.

அப்புறம் பலகை மேல் நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மரியுஸ் கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நாற்பது முழத்தையும் நடந்தே போனான். பதினேழு வருஷமாக அவன் செய்த வேலையிலேயே அதுதான் கேவலமானது என்று அவனுக்குத் தோன்றியது. அஞ்சல் நிலையத்தில் அவள் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது நடந்துடுச்சு" என்றான்.

"அது நான் சொன்ன வார்த்தை. தீவு அதைக் கேட்டுட்டு வந்துச்சா? நண்டுக்காக வந்துச்சு."

"வந்தது வந்ததுதானே?"

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். "மரியுஸ், உன்கிட்ட உண்மையச் சொல்றேன். பன்னிரண்டு வருஷமா நான் யோசிக்கவே இல்ல. யோசிக்க வேண்டிய அவசியம் வரல. கடல் குறுக்க கெடந்துச்சு, அது எனக்கு பதிலா பதில் சொல்லிட்டு இருந்துச்சு. இப்ப கடல் இல்ல. இனிமேதான் நான் யோசிக்கணும். ஊரே சன்னல் வழியா பாத்துட்டு இருந்தா எப்படி யோசிக்கறது?"

மரியுஸ் திரும்பிப் பார்த்தான். சன்னலில் ஒன்பது தலைகள் இருந்தன, அதில் இரண்டு ஆடுகளுடையவை.

"சரி, யோசி" என்றான். "எனக்கும் இப்ப வேற வேலை இல்ல."

ஆனால் வேலை வந்தது. ஜூன் மாதம் முதல் வாரம், செம்மேட்டில் மாம்பழங்களை வைக்கோலில் அடுக்கி மணம் ஏறவிட்ட அன்று பட்டப்பகலில், தங்கச்சி எலுமிச்சைக் குடாவை விட்டு நகர்ந்தது. கரையில் சந்தைக்கு வந்திருந்த முப்பது தங்கச்சிக்காரர்கள் கையில் கூடையோடு நின்று, தங்கள் வீடுகள் தெற்கே போவதைப் பார்த்தார்கள். ஒருத்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள். மரியுஸ் எல்லாரையும் படகில் ஏற்றிக்கொண்டு துரத்திப் போய், செம்மேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் தீவைப் பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களை அவரவர் வீட்டுப் பக்கமாக இறக்கிவிட்டான். பால் பொங்கவில்லை. செம்மேட்டுக்காரர்கள் தீவு வருவதைக் கண்டு மேளத்தோடு வந்து வரவேற்று, முதல் கூடை மாம்பழத்தை ஆட்களுக்குக் கொடுக்காமல் தீவின் ஓரப் பாறை மேலேயே வைத்துப் பிழிந்தார்கள். பாறை அதைக் குடித்தது.

அப்புறம் ஆகஸ்டில் ஆற்றுமுகம், சீமைப்பலா. அதற்குள் தங்கச்சிக்காரர்கள் பழகிவிட்டார்கள். சமையலறைச் சுவரில் திருவிழாக்களின் தேதி எழுதிய அட்டை தொங்கியது. தீவு போகும்போது தானாகத் திரும்பிக்கொள்வதால் படுக்கையறையில் வெயில் எந்தச் சன்னல் வழியாக வரும் என்று முந்தின நாளே பேசிக்கொண்டார்கள். துணி காயப்போடும் கொடியை இரண்டு பக்கமும் கட்டினார்கள். கோயிலில் பீடம் வடக்கு பார்த்ததா தெற்கு பார்த்ததா என்பது பற்றிப் பாதிரியார் ஆயருக்கு எழுதினார், சாப்பிட்டுவிட்டு எந்தத் திசையில் செபித்தாலும் கேட்கும் என்று ஆயரின் பதில் வந்தது. லியோந்தின் அஞ்சல் நிலைய வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, தினமும் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு, 'இன்று: செம்மேடு' என்றோ 'இன்று: ஆற்றுமுகம்' என்றோ எழுதினாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் கடித உறையில் 'தங்கச்சித் தீவு, இருக்கும் இடத்தில்' என்று முகவரி எழுதப் பழகினார்கள்.

தீவு போய்விட்டதால் அதன் மீன்கள் போய்விடவில்லை. தங்கச்சியின் மீன்கூடுகளெல்லாம் பழைய இடத்திலேயே கடலடியில் கிடந்தன. மரியுஸ் வாரத்தில் மூன்று நாள் மீனவர்களை ஏற்றிக்கொண்டு, தீவு இல்லாத அந்த இடத்துக்குப் போனான். அங்கே தண்ணீர் வேறு மாதிரி வெளிர் பச்சையாக, அப்போதுதான் திரை விலக்கிய அறை மாதிரி இருந்தது. கூடுகளைத் தூக்கும்போது யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். மற்ற நாட்களில் தீவு எங்கே நின்றாலும் அங்கே தேடிப் போய்க் கடிதப் பை கொடுத்தான். அவனுக்கு முன்பைவிட மூன்று மடங்கு வேலை. லியோந்தின் தினமும் மதியம் பையோடு தீவின் படகுத்துறையில் காத்திருந்தாள். முன்பெல்லாம் பையை மாற்றிக்கொண்டால் முடிந்தது. இப்போது அவள் கேட்க ஆரம்பித்தாள்: பழைய இடம் இன்னைக்கு எப்படி இருந்துச்சு? அவன் சொல்வான். அவள் நின்று கேட்பாள். பதின்மூன்றாவது முறை கேட்கலாம் என்று அவனுக்குப் பலமுறை தோன்றியது. கேட்கவில்லை. யோசிக்கிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருந்தான்.

நவம்பரில்தான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைப்பு வந்தது. அடுத்த திருவிழா பேரலைத்துறையில்.

பேரலைத்துறையின் கடலைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: ஆப்பிரிக்கக் கரையில் புறப்பட்ட அலை வழியில் எதிலும் மோதாமல் நேராக வந்து மோதுகிற இடம் அது. கரைக்கு முன்னால் வரிசையாகக் கருப்புப் பாறைகள், கோரைப்பல் என்று பெயர். எந்தப் படகும் அங்கே ஒதுங்கியதில்லை. வாசனை பிடித்துக்கொண்டு தங்கச்சி அங்கே போனால், பாறையில் பட்டுக் கோயிலும் வீடுகளும் ஆடுகளுமாக உடைந்துபோகும்.

யூலாலி அக்காவும் பாதிரியாரும் மரியுஸும் மலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேரலைத்துறையின் தலைமைச் சமையல்காரன் சில்வேரைப் பார்த்தார்கள். உயரமான, ஒல்லியான மனிதன். அவர்கள் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை துவரைக் காயை உரித்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு வருஷம் மட்டும் அடுப்பு மூட்டாதீங்க தம்பி" என்றாள் யூலாலி அக்கா.

சில்வேர் எழுந்து அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். அங்கே மணலில் புதிதாக அறுத்த பலகைகள் நாற்பது கிடந்தன, கைப்பிடியோடு, மஞ்சள் வண்ணம் அடித்து.

"தீவு நடந்து வர்றதுக்கு" என்றான். "எலுமிச்சைக் குடாவுக்கு வந்துச்சு, செம்மேட்டுக்கு வந்துச்சு, ஆத்துமுகத்துல மூணு மாசமா நிக்குது. எங்க ஊருக்கு எவன் வர்றான் அக்கா? காத்து, அலை, இந்தப் பாறை. திருவிழான்னா பஸ்ல ஒரு கூட்டம் வரும், மழை வந்ததும் போயிடும். ஒரு தீவே வரப்போவுதுன்னு எங்க பிள்ளைங்க ஆகஸ்டுலேர்ந்து ராப்பகலா பேசிட்டு இருக்குதுங்க. இப்ப நீங்க வந்து, வர வேணாம்னு சொல்லுங்கறீங்க."

யூலாலி அக்கா அந்த மஞ்சள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

சில்வேர் நல்லவன். பாறைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூட்ட மாட்டோம்" என்றான். ஊரும் ஒப்புக்கொண்டது.

திரும்பும் வழியில் யூலாலி அக்கா சொன்னாள்: "சில்வேர் மூட்ட மாட்டான். ஆனா அந்த ஊர்ல தொண்ணூறு வீடு இருக்கு. டிசம்பர் மாசம், துவரை பச்சையா பறிச்சு வெச்சிருக்கு. ஒவ்வொருத்தியும், சின்னச் சட்டியில கொஞ்சூண்டு வெச்சா என்ன ஆயிடப்போவுதுன்னு நெனப்பா. நானா இருந்தா நெனப்பேன்." அவள் அன்றைக்கே 'பொறுமை' படகின் பின்பக்கத்தில், பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் மணல் நிரப்பி அடுப்பு கூட்டி, திருவிழாவின் பெரிய பானையை ஏற்றி, கொழும்புப் பொடியும் ஆட்டுக்கறியும் விறகும் வைத்துக்கொண்டு, மரியுஸ் போகுமிடமெல்லாம் கூடவே போக ஆரம்பித்தாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. திருவிழா நடந்திருக்க வேண்டிய நாளின் முற்பகலில் தொண்ணூறு வீடுகளில் தொண்ணூறு சின்னச் சட்டிகள் ஏறின. தேங்காய்ப்பாலில் துவரை வெந்தது. கிழக்குக் காற்று அந்தத் தொண்ணூறு வாசனையையும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு போய் ஆற்றுமுகத்தில் நின்றிருந்த தங்கச்சியின் மேல் போட்டது. தங்கச்சி புறப்பட்டது.

அன்று தீவின் ஆண்கள் பெரும்பாலும் பழைய இடத்தில் மீன்கூடு தூக்கப் போயிருந்தார்கள். மரியுஸ் அவர்களை அங்கே வேறு படகுகளில் விட்டுவிட்டுக் கடிதப் பையோடு வந்துகொண்டிருந்தபோது, தீவு வடமுனையைத் தாண்டிக் கிழக்குக் கரைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தான். யூலாலி அக்கா அடுப்பை மூட்டினாள். அவர்கள் தீவை எட்டிப் பிடித்தபோது கோரைப்பல் பாறைகளின் மேல் வெடிக்கிற நுரை கண்ணுக்குத் தெரிந்தது. பானை கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. தீவை வந்த வழியே வடக்கே இழுக்கப் படகு வடக்கில் நிற்க வேண்டும், வடக்கில் நின்றால் பானையின் வாசனை தீவில் படாமல் மேற்கே ஓடியது.

"விசிறித் தள்ள ஒரு ஆள் வேணும்!" என்று கத்தினாள் யூலாலி அக்கா. "என் கை கரண்டியில இருக்கு, உன் கை சுக்கான்ல இருக்கு!"

மரியுஸ் படகைத் தீவின் படகுத்துறைக்கு ஒட்டினான். அங்கே லியோந்தின் நின்றுகொண்டிருந்தாள், வழக்கம்போல் மதியக் கடிதத்துக்காக, கையில் கடிதம் பிரிக்கிற அகலமான மரத்தட்டோடு. பக்கத்தில் பாதிரியாரும் குழந்தைகளும் ஆடுகளும்.

மரியுஸ் அவளைக் கூப்பிடவில்லை. யூலாலி அக்காதான் கத்தினாள்: "ஏறுடீ!"

லியோந்தின் படகைப் பார்த்தாள். அது ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி ஏறி இறங்கியது. பாறைகளைப் பார்த்தாள். பின்னால் திரும்பி அஞ்சல் நிலையத்தின் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். குதித்தாள்.

விழுந்த உடனேயே படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து மரத்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, பானையிலிருந்து எழும் ஆவியைக் காற்றுக்குக் குறுக்கே தீவின் பக்கம் தள்ளினாள். மறுபடி குனிந்தாள். மறுபடி நிமிர்ந்து விசிறினாள். யூலாலி அக்கா பொடியைக் கை நிறைய அள்ளிப் போட்டாள், மரியுஸ் படகைத் தீவின் முகத்துக்கு நேராக, ஆட்டுக்கு முன்னால் தழையைக் காட்டுவதுபோல, காட்டிக் காட்டி இழுத்தான். தீவு தயங்கியது. அது தயங்கியதைக் கரையிலிருந்தவர்களே பார்த்தார்கள், கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது. ஆனால் ஒரு பானைக்கு எதிரே தொண்ணூறு சட்டி. மறுபடி பாறைகளை நோக்கி நகர்ந்தது.

அப்போதுதான் பேரலைத்துறையின் தெருவில் சில்வேர் ஓடினான். நீளமான கால்களால் ஒரு வீட்டுக்கு மூன்று எட்டில் ஏறி, கேட்காமல் உள்ளே நுழைந்து, அடுப்பில் மணலைக் கொட்டி, சட்டியை மூடி, அடுத்த வீட்டுக்கு ஓடினான். ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு அவன் ஓட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தார்கள், பாறையை நோக்கி வருகிற கோயிலையும் அதன் வாசலில் நிற்கிற குழந்தைகளையும் பார்த்தார்கள், உள்ளே திரும்பி ஓடினார்கள். தொண்ணூறு அடுப்பும் அணைந்தன. ஈரத்துணி போட்டுச் சட்டிகளை மூடி, துணியின் மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, அந்த ஊர் தனக்காகப் புறப்பட்டு வந்த விருந்தாளி திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கோரைப்பல்லுக்கு இருநூறு முழம் முன்னால் தங்கச்சி நின்றது. மூக்கைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திரும்பியது. 'பொறுமை'யின் பின்னால் வந்தது.

ஐந்து மணி நேரம். வடமுனை தாண்டி, ஆற்றுமுகம் தாண்டி, எலுமிச்சைக் குடாவுக்கு எதிரே மேற்கே பதினோரு கிலோமீட்டர். கறி வற்றும்போதெல்லாம் யூலாலி அக்கா தண்ணீர் விட்டாள், லியோந்தின் விசிறினாள், நடுநடுவே குனிந்தாள். ஒருமுறை மரியுஸ், "கொஞ்சம் உக்காரு" என்றான். "நீ பாதையப் பாரு" என்றாள் அவள். சூரியன் சாய்கிற நேரத்தில் வெளிர் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. மீன்கூடு தூக்கிக்கொண்டிருந்த ஆண்கள் தங்கள் படகுகளை விலக்கி வழிவிட்டார்கள். தீவு அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது, அவ்வளவு மெதுவாக, ஒரு கூடு கூட நசுங்கவில்லை. பானையில் இருந்ததை யூலாலி அக்கா முதலில் பாறைக்கு ஊற்றினாள், பிறகு எல்லாருக்கும் போட்டாள்.

மறுநாள் காலை மரியுஸ் யாரும் கேட்காமலேயே படகை எடுத்துக்கொண்டு பேரலைத்துறைக்குப் பக்கத்துக் குடாவுக்குப் போனான். அவனுக்குப் பின்னால் ஒர்தான்ஸின் எல்லா ஊர்ப் படகுகளும் போயின. சில்வேரையும் தொண்ணூறு வீட்டுக்காரர்களையும் சட்டிகளையும் மூட்டை மூட்டையாகப் பச்சைத் துவரையையும் ஏற்றிக்கொண்டு தங்கச்சித் தீவுக்கு வந்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போன துவரைத் திருவிழா அங்கே நடந்தது. தங்கச்சியின் பாறை மேல் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைப்பது அதுதான் முதல் தடவை. வாசனை கிளம்பியபோது எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு காலடியைப் பார்த்தார்கள். தீவு நகரவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த வயிறு மாதிரி ஒரு சின்ன அசைவு மட்டும் வந்து அடங்கியது. பேரலைத்துறைக் குழந்தைகள் அந்த ஆடுகள் எல்லாவற்றின் பெயரையும் மதியத்துக்குள் தெரிந்துகொண்டார்கள். தங்கச்சிக்காரர்கள் கேட்டார்கள், சில்வேர் சம்மதித்தான்: இனி டிசம்பர் திருவிழா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் இங்கேதான் என்றான். "விட்டுல்லாம் வேணாம், எல்லா வருஷமும்" என்று அவன் ஊர்க்காரர்களே திருத்தினார்கள். அலை இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

மரியுஸ் கூட்டத்தைவிட்டுத் தள்ளி, படகுத்துறைப் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்த தட்டிலிருந்து துவரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லியோந்தின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அவள் தட்டில் வெறும் சோறு.

"வயிறு?" என்றான்.

"மோசம்" என்றாள். "பாதிரியார்கிட்ட பேசிட்டு வந்தேன். மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணுமாம். நாலாவது சனிக்கிழமை வெச்சுக்கலாம்னார்."

மரியுஸின் கரண்டி வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "யாருக்கு ஓலை?"

"உனக்கும் எனக்கும். வேற யாரு இருக்கா இங்க?"

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். கண்ணில் ஏதோ புகை பட்ட மாதிரி துடைத்துக்கொண்டான். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "எங்க வெச்சுக்கறது? இங்கயா, ஒர்தான்ஸ்லயா?" என்று கேட்டான்.

லியோந்தின் அவன் தட்டிலிருந்து ஒரு கரண்டி துவரையை எடுத்துத் தன் சோற்றில் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நம்ம காலுக்குக் கீழ எது இருக்கோ, அங்க" என்றாள்.